30 கிலோ வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பெட்டி கட்டி அனுப்பியது

பழைய கருவியைக் கூரியரில் அனுப்புவது என்றால் எல்லோரும் பயப்படுவது கீறலுக்கும், முனை நசுங்கலுக்கும், கண்ணாடி உடைவதற்கும்தான். கனமான கருவிகளில் பெரிய சேதம் அங்கே நடப்பதில்லை. வெளிப்பெட்டியில் ஒரு மடிப்புகூட விழாமல் வந்து சேர்ந்த ஒரு ரிசீவரைத் திறந்து பார்த்திருக்கிறேன். சுற்றியிருந்த பபிள் ரேப் அப்படியே இருந்தது, முன்முகம் பளபளவென்று இருந்தது. மேல்மூடியைக் கழற்றினால், பவர் டிரான்ஸ்பார்மர் தன் நான்கு திருகுகளோடு எல்லாப் பாகங்களையும் தாங்கும் சேசிஸ் தகட்டைக் கிழித்துக்கொண்டு போய், பக்கத்து சர்க்யூட் போர்டின் மேல் சாய்ந்து கிடந்தது. வெளியே இருந்து எதுவும் அதை இடிக்கவில்லை. பெட்டி சட்டென்று நின்றது, டிரான்ஸ்பார்மர் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கனமான எதைப் பேக் செய்தாலும் நான் இரண்டே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். விழும்போது இது எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கும்? நிற்கும் அந்த நேரத்தில் பாரம் எந்தப் பாகத்தின் வழியாகத் தரைக்கு இறங்கும்?

இந்த முறை போகவேண்டியிருந்தது மெக்கின்டாஷ் எம்சி275. 1961இல் சந்தைக்கு வந்த ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபையர், சேனலுக்கு 75 வாட், ஒலியைப் பெருக்கும் நான்கு கேடி88 வால்வுகள், அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்கள். குரோம் பூசிய சேசிஸின் முன்பாதியில் வால்வுகள், பின்பாதியில் ஒரு பவர் டிரான்ஸ்பார்மரும் இரண்டு அவுட்புட் டிரான்ஸ்பார்மர்களும். எடை சுமார் 30 கிலோ. அகலம் 42 செ.மீ., ஆழம் 30 செ.மீ. என்று பார்த்தால் சின்னப் பொருள்தான். தூக்கினால்தான் தெரியும், எடை முழுக்க ஒரே பக்கம் இழுக்கும். பார்க்கப் பழையது என்றாலும் இன்னும் பாடிக்கொண்டிருந்த ஆம்ப். இதை வாங்கிய நண்பர் வேறு நாட்டில் இருக்கிறார், விமானத்தில்தான் போக வேண்டும்.

முதலில் வால்வுகள். சாக்கெட்டில் வைத்தே அனுப்பினால் ஒன்று அசைந்து கழன்று மற்றதை உடைக்கும், இல்லை கண்ணாடிக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் குலுங்கிக் குலுங்கி வளையும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, சாக்கெட் எண்ணைச் சின்னக் காகிதத்தில் எழுதி வால்வோடு நூலால் கட்டினேன். கண்ணாடியில் பேனாவால் எழுத வேண்டாம். பழைய வால்வுகளில் அச்சடித்த எழுத்து விரல் பட்டாலே போய்விடும். கேடி88 மாதிரி பெரிய வால்வைக் கழற்றும்போது கண்ணாடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கண்ணாடியையும் அடிப்பாகத்தையும் ஒட்டியிருக்கும் பசை இத்தனை வருடத்தில் காய்ந்து விட்டிருக்கும். அடிப்பாகத்தை விரல்களால் பிடித்து, மிக லேசாக ஆட்டி, நேராக மேலே எடுக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் முனை முறியும். அது முறிந்தால் வால்வு வேலை செய்யும், ஆனால் அடுத்து மாட்டுபவர் எந்தத் திசையில் வேண்டுமானாலும் மாட்டிவிட முடியும். அதன் விளைவு டிரான்ஸ்பார்மர் வரை போகும்.

வால்வுகளை ஆம்போடு ஒரே பெட்டியில் வைக்கவில்லை, தனிப் பார்சல். ஒவ்வொன்றையும் பபிள் ரேப்பிலும் நெளி அட்டையிலும் சுருட்டி, தனித்தனிச் சின்னப் பெட்டியில் போட்டு, அவற்றை 5 செ.மீ. மென்மையான ஃபோம் சூழ ஒரு பெட்டியில் வைத்தேன். எடை கம்மியாக இருப்பதைப் பாதுகாப்பது சுலபம். முப்பது கிலோ இரும்புக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துவிட்டு அதைப் பாதுகாப்பதுதான் கஷ்டம்.

ஆம்பைக் கையில் எடுப்பதற்கு முன் இன்னொன்று. வால்வு ஆம்ப்களில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அணைத்த பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அடித்தகட்டைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்தத் தங்கிய மின்சாரத்தை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

கூண்டு

மெக்கின்டாஷ் தங்கள் ஆம்ப்ளிஃபையர்களைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது ஒரு மரப் பலகையோடு அடியிலிருந்து திருகி அனுப்புவார்கள். அட்டைப்பெட்டியின் சுவர்கள் அந்தப் பலகையைத்தான் பிடித்திருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. கருவியின் உடம்பில் எங்கேயும் ஃபோம் அழுத்தாது. குமிழ்கள், டெர்மினல்கள், கவர் எதுவும் பாரம் தாங்க வேண்டாம். அந்த யோசனையையே எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீட்டினேன்.

அடியில் 18 மி.மீ. பிளைவுட், 50க்கு 38 செ.மீ. ஆம்பின் ரப்பர் கால்களைக் கழற்றி, அதே துளைகள் வழியாகக் கீழிருந்து போல்ட். இங்கே நின்று கவனிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதலாவது, அந்தத் துளை எதில் இருக்கிறது? சில கருவிகளில் கால்கள் மெல்லிய அடித்தகட்டில் மட்டும் மாட்டியிருக்கும். அதில் போல்ட் போட்டால் 30 கிலோவும் அந்தத் தகட்டில்தான் தொங்கும். சேசிஸோடு சேர்ந்து பிடிக்கிற துளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் தேட வேண்டும். இரண்டாவது, போல்ட்டின் நீளம். பலகையின் தடிமன், வாஷர், தகட்டின் தடிமன் எல்லாம் கூட்டி, உள்ளே எவ்வளவு நீட்டும் என்று அளந்து பார்த்தேன். நாலு மரை அதிகமாகப் போனால் ஒரு வயரின் மேலுறையைத் தின்றுவிடும். மூன்றாவது, பழைய அமெரிக்கக் கருவிகளில் அங்குல மரைதான். கையில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை "போகுதே" என்று முறுக்கினால் அறுபது வருட மரை அரை நிமிடத்தில் போய்விடும். கையால் சுற்றினாலே கடைசிவரை போகிற போல்ட்தான் சரியான போல்ட்.

பலகையின் அடியில் போல்ட் தலை உள்ளே அமுங்கும்படி பள்ளம் எடுத்து, அகலமான வாஷர் வைத்தேன். அகல வாஷர் இல்லாமல் முறுக்கினால் தலை மரத்துக்குள் புதைந்துகொண்டே போகும், வழியில் தளர்ந்துவிடும். சேசிஸுக்கும் பலகைக்கும் நடுவில் 3 மி.மீ. ஃபெல்ட். டிரான்ஸ்பார்மர்கள் மூன்றுக்கும் மேலாக அகலமான நைலான் பட்டை ஒன்றைப் போட்டு இரண்டு பக்கமும் பலகையில் கட்டினேன், பட்டைக்கு அடியிலும் ஃபெல்ட். போல்ட் மட்டும் இருந்தால் தலைகீழாகும்போது டிரான்ஸ்பார்மர்கள் சேசிஸ் தகட்டில் தொங்கும். பட்டை இருந்தால் அந்தப் பாரம் நேராகப் பலகைக்குப் போகும்.

தலைகீழ் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டி அம்புக்குறி காட்டுகிற பக்கம்தான் போகும் என்று நினைத்துக் கட்டுகிற பெட்டி பாதிப் பெட்டிதான். ஆறு முகமும் ஒருநாள் தரையாகலாம். அதனால் பலகையின் நான்கு மூலைகளிலும் 24 செ.மீ. உயரத் தூண்கள் நிறுத்தி, மேலே 9 மி.மீ. பிளைவுட் மூடி. தூண்கள் டிரான்ஸ்பார்மரைவிட உயரம், ஆகவே மூடி எந்த நிலையிலும் ஆம்பைத் தொடாது. பக்கங்களில் 4 மி.மீ. பிளைவுட் அடைத்தேன். அது பலத்துக்காக இல்லை. ஃபோமுக்குத் தட்டையான முகம் கிடைக்க வேண்டும். பலகையின் விளிம்பு மட்டும் ஃபோமில் பதிந்தால் அது ஃபோமைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போகும்.

தூண்களுக்குத் திடமரம் போடாமல் பிளைவுட் பட்டைகளை இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நாடு தாண்டிப் போகும் பார்சலில் பதப்படுத்தாத மரம் இருக்கக் கூடாது. ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். பூச்சிகள் மரத்தோடு பயணம் செய்யாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிளைவுட், பார்ட்டிக்கிள் போர்டு போன்றவை தயாரிக்கும்போதே சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டப்படுவதால் அவற்றுக்கு இந்த விதி கிடையாது. ஆசாரியிடம் மிச்சம் கிடந்த நல்ல தேக்குக் கட்டையைத் தூணாக வைத்தால், மொத்தப் பெட்டியும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் திருகுதான், ஆணி எங்கேயும் இல்லை. சுங்கத்தில் திறப்பார்கள். திறந்தவர் மறுபடி மூட முடிகிற மாதிரி இருந்தால்தான் அவர் ஒழுங்காக மூடுவார். மூடியின் மேல் ஒரு படம் வரைந்து ஒட்டினேன்: எந்தத் திருகைக் கழற்ற வேண்டும், எந்தப் போல்ட்டைத் தொடக் கூடாது என்று. வார்த்தை இல்லாத படம், எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

கூண்டுக்குள் போவதற்கு முன் ஆம்புக்கு மேல் முதலில் பருத்தித் துணி, அதற்கு மேல் பாலித்தீன் பை, பைக்குள் சிலிகா ஜெல். பபிள் ரேப்பையோ ஃபோமையோ பழைய பூச்சின்மேல் நேராகப் போடக் கூடாது. சூட்டில் நாள்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் குமிழியின் தடம் வட்டவட்டமாகப் பூச்சில் பதியும், பிறகு போகாது. அச்செழுத்து உள்ள இடத்தில் எந்த டேப்பும் ஒட்டக் கூடாது. பிரிக்கும்போது எழுத்து டேப்போடு வரும்.

ஃபோம் கணக்கு

இந்தப் பகுதியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஃபோம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. அப்படி இல்லை.

60 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் அட்டையோடு சிமெண்ட் தரையில் விழுந்தால் 4 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிடும். 60 செ.மீ.யை 0.4ஆல் வகுத்தால் 150. அதாவது நிற்கிற நேரத்தில் ஒவ்வொரு பாகமும் சராசரியாகத் தன் எடையைப்போல் 150 மடங்கு பாரத்தை உணரும். 8 கிலோ டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தால் அதன் திருகுகளில் 1200 கிலோ. ஃபோம் 4 செ.மீ. அமுங்கி நிறுத்தினால் அதே கணக்கு 15 மடங்கு. சராசரி 15 என்றால் உச்சத்தில் அதைப்போல் இருமடங்கு, 30 என்று வைத்துக்கொள்ளலாம். 240 கிலோ. நல்ல சேசிஸ், கீழே பலகை, மேலே பட்டை என்று இருந்தால் இதைத் தாங்கும்.

ஆக, பாதுகாப்பு என்பது ஃபோம் அமுங்குகிற அந்த 4 செ.மீ.தான். ஃபோம் அமுங்காவிட்டால் அது ஃபோமே இல்லை, கட்டை. முழுவதும் அமுங்கி அடியைத் தொட்டுவிட்டால் அதுவும் கட்டைதான். எடைக்கு ஏற்ற பரப்பு இருந்தால்தான் பாதியளவு அமுங்கி நிறுத்தும். நான் எடுத்தது மூடிய அறைகள் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம், கனமீட்டருக்கு 35 கிலோ அடர்த்தி. இந்த ரகத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 35 முதல் 70 கிராம் பாரம் பொருந்தி வரும். நடுவில் 50 என்று எடுத்துக்கொண்டேன். கூண்டு, ஆம்ப் எல்லாம் சேர்த்து 34 கிலோ. 50ஆல் வகுத்தால் 680 சதுர செ.மீ. கூண்டின் அடிப்பரப்பு 1900 சதுர செ.மீ. அடி முழுக்க ஃபோம் பரப்பியிருந்தால் சதுர செ.மீ.க்கு 18 கிராம்தான் வரும், ஃபோம் விறைப்பாகவே நிற்கும்.

அந்த 680ஐ நான்கு மூலைக்கும் சமமாகப் பிரிக்க முடியாது, எடை ஒரு பக்கம் இருக்கிறதே. கூண்டின் பின்விளிம்பை ஒரு எடைக்கருவியில், முன்விளிம்பை அதே உயரமுள்ள கட்டையில் வைத்து அளவு பார்த்தேன். பின்பக்கம் 23 கிலோ. திருப்பி வைத்தால் முன்பக்கம் 11. ஆகவே பின்மூலைகளுக்கு 15க்கு 15 செ.மீ. துண்டு, முன்மூலைகளுக்கு 10க்கு 11 செ.மீ. துண்டு. தடிமன் எல்லாவற்றுக்கும் 7.5 செ.மீ. துண்டின் பக்க அளவு தடிமனைப்போல் ஒன்றேகால் மடங்குக்கும் மேல் இருக்கவேண்டும். அதைவிட ஒல்லியாக, உயரமாக வெட்டினால் அமுங்குவதற்குப் பதில் பக்கவாட்டில் மடங்கிவிடும். 10 செ.மீ. துண்டு அந்த எல்லைக்குள் ஒட்டிக்கொண்டு வருகிறது.

மேலேயும் இதே பரப்பு, இதே பின்-முன் பங்கு. பக்கங்களிலும் எடை அதே 34தான், ஆகவே அங்கேயும் ஒவ்வொரு முகத்துக்கும் 680ஐ ஒட்டி. துண்டுகளை மூலைகளில் வைத்ததால் பெட்டி முனையில் விழுந்தாலும் மூன்று பக்கத்துத் துண்டும் சேர்ந்து தாங்கும். துண்டுகளை வெளிப்பெட்டியின் உட்சுவரில் ஒட்டிவிட்டேன், நகரக் கூடாது. நடுவில் இருக்கும் இடங்கள் காலி. பார்க்கிறவர்களுக்கு அந்தக் காலியிடம் உறுத்தும், அங்கே எதையாவது திணிக்கலாமே என்று தோன்றும். திணித்தால் பரப்பு கூடும், கணக்குக் கெடும்.

பபிள் ரேப் ஏன் இல்லை என்று கேட்பார்கள். 30 கிலோவின் முனையில் குமிழிகள் முதல் அடியிலேயே வெடிக்கும். வெடிக்காதவையும் நாள்கணக்கில் பாரத்தில் கிடந்தால் காற்றை மெல்ல விட்டுவிடும். தெர்மாகோல் உருண்டைகள் இன்னும் மோசம். வண்டியின் அதிர்வில் கனமான பொருள் அவற்றை விலக்கிக்கொண்டு அடிக்கு இறங்கிவிடும், பெட்டியைத் திறக்கும்போது உருண்டைகள் எல்லாம் மேலே, கருவி தரையில். கசக்கிய செய்தித்தாளும் அப்படித்தான், ஒரே அடியில் தட்டையாகி அப்படியே தங்கிவிடும். இவை எல்லாம் இலேசான பொருளுக்கு நல்லவைதான். வால்வுப் பார்சலில் நானே பபிள் ரேப் வைத்தேன்.

மணல் மூட்டையும் களிமண்ணும்

கணக்கு ஒருபக்கம், கண்ணால் பார்ப்பது ஒருபக்கம். ஆம்புக்குப் பதில் அதே எடைக்கு மணல் மூட்டைகளை மூன்றில் இரண்டு பங்கு பின்னால் வருகிற மாதிரி கூண்டில் கட்டி, பெட்டியை மூடி, கயிற்றில் 60 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டுக் கயிற்றை அறுத்தோம். இஸ்டா என்ற பேக்கேஜிங் சோதனை அமைப்பின் 1ஏ முறையில் 28 கிலோவுக்கு மேல் 45 கிலோ வரை உள்ள பெட்டிக்கு 31 செ.மீ. உயரமே போதும், 10 கிலோவுக்குள் இருந்தால் 76 செ.மீ. எடை குறைந்ததை மனிதர்கள் தூக்கி எறிகிறார்கள், எடை கூடியதை இடுப்பு உயரத்துக்கே கொண்டுபோவதில்லை என்பது அதன் பின்னால் இருக்கிற நியாயம். ஒரு முனை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்துத் தடவை போடச் சொல்கிறது அந்த முறை. நான் உயரத்தை இருமடங்காக எடுத்துக்கொண்டேன். ஒருவர் தனியாளாகத் தூக்கப் பார்த்துப் பாதியில் விட்டால் இடுப்பு உயரத்திலிருந்துதான் விழும்.

உள்ளே ஃபோம் எவ்வளவு அமுங்கியது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஃபோம் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் காலியிடத்தில், கூண்டின் அடியைத் தொடுகிற மாதிரி 7.5 செ.மீ. உயரக் களிமண் தூண்களை விரல் பருமனில் நிறுத்தினேன். ஃபோம் அமுங்கித் திரும்ப எழும். களிமண் அமுங்கினால் அப்படியே நிற்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் நான்கு மூலைக்கும் சமமான துண்டுகளை வைத்துப் போட்டேன். பின்பக்கத் தூண்கள் நசுங்கி 3 செ.மீ. உயரத்தில், தலை அகன்று காளான் மாதிரி நின்றன. முன்பக்கத் தூண்கள் 5 செ.மீ.க்கு மேல் இருந்தன. எடை பார்த்து வெட்டிய துண்டுகளை மாற்றிப் போட்டதும் இரண்டு பக்கமும் 4 செ.மீ.க்குச் சற்றுக் கீழ். எதிர்பார்த்த அமுக்கம் அதுதான். முனையிலும் விளிம்பிலும் விழச் செய்தோம். அட்டை நசுங்கியது, கூண்டின் மூலை ஃபோமைத் தாண்டவில்லை. நசுங்கிய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி எடுத்தேன். ஒருமுறை மூலை மடிந்த பெட்டிக்கு அடுக்கும்போது தாங்கும் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

வெளிப்பெட்டி இரட்டைச் சுவர் அட்டை, 5 பிளை. 65க்கு 53க்கு 42 செ.மீ. ஆகாய மார்க்கக் கூரியர்கள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்து ஒரு எடை போடுவார்கள். அதுவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இந்தப் பெட்டிக்கு அந்தக் கணக்கு 29 கிலோ, தராசில் 38. ஃபோமை இன்னும் எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. கூட்டியிருந்தாலும் கணக்கு எடை 38ஐத்தான் எட்டும். அதாவது கனமான கருவிக்குப் பெட்டியைப் பெரிதாக்குவது அநேகமாக இலவசம். பெட்டியைச் சின்னதாக்கிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ஃபோமைக் குறைப்பவர்கள் ஒருமுறை இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அட்டைக்கு முதல் எதிரி ஈரம். ஈரக்காற்றில் நாள்கணக்கில் கிடந்தால் தாங்கும் பலம் வெகுவாகக் குறையும். அதனால் பெட்டியைச் சுற்றி ஸ்ட்ரெச் ஃபிலிம். டேப்பை மூடியின் நடுக்கோட்டிலும் இரண்டு ஓர விளிம்புகளிலும் ஓட்டி, குறுக்கும் நெடுக்கும் ஸ்ட்ராப் போட்டு, ஸ்ட்ராப் அட்டையை வெட்டாமல் இருக்க விளிம்புகளில் மடித்த அட்டை வைத்தேன். கைப்பிடித் துளை வெட்டவில்லை. 38 கிலோவை ஒருவர் தூக்கினால் அந்தத் துளைதான் முதலில் கிழியும்.

"உடையும் பொருள்" ஸ்டிக்கர் ஒட்டினேன், மேல்நோக்கிய அம்புகளும் கிளாஸ் படமும் ஒட்டினேன். அது பெல்ட்டில் ஓடும்போது யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் எடையைப் பெரிய எழுத்தில் நான்கு பக்கமும் எழுதியது உபயோகமான வேலை. எடை தெரிந்தால் தூக்குகிறவர் இன்னொருவரைக் கூப்பிடுவார், அவர் முதுகும் தப்பிக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்தேன்: சீரியல் எண், போல்ட், பட்டை, ஃபோம், மூடுவதற்கு முன், மூடிய பின். காப்பீடு செய்த பொருளுக்குச் சேதம் வந்தால் முதல் கேள்வி "சரியாகப் பேக் செய்தீர்களா" என்பதுதான். பதில் படத்தில் இருக்க வேண்டும்.

இதே நேரத்தில் அதே நண்பருக்கு இசைத்தட்டைச் சுழற்றும் டேர்ன்டேபிள் ஒன்றும் போனது. அதைப் பற்றிச் சுருக்கமாக. இசைத்தட்டு உட்காரும் பிளாட்டரைக் கழற்றாமல் அனுப்பவே கூடாது. அந்த உலோகத் தட்டு குதிக்கும்போது நடுத்தண்டையும் பேரிங்கையும் இடிக்கும். கழற்றி, கருவிக்குக் கீழே தனி அடுக்கில் வைக்க வேண்டும், மேலே வைத்தால் அதுவே சுத்தியல். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் எதிரெடையையும், ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜையும் கழற்றி, ஆர்மை அதன் தாங்கியோடு கட்ட வேண்டும். ஸ்பிரிங்கில் தொங்கும் மாடல்களில் சரக்குத் திருகு என்று தனியே இருக்கும், அதை முறுக்கி உள்தளத்தைப் பூட்ட வேண்டும். அந்தத் திருகு தொலைந்துபோயிருந்தால் உள்தளத்துக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவில் ஃபோம் துண்டு. தூசி மூடியைக் கீலிலிருந்து கழற்றித் தனியாக. ஆரம்பகால சிடி பிளேயர்களின் அடியிலும் இதே மாதிரி லேசர் பூட்டும் திருகு இருக்கும். பழைய கருவி எதை அனுப்புவதானாலும் முதலில் அடியைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆம்பின் பெட்டி போய்ச் சேர்ந்த அன்றே திறக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லியிருந்தேன். விமானத்தின் சரக்கு அறையிலிருந்து குளிர்ந்து வந்த இரும்பை ஈரமான அறையில் திறந்தால் அதன்மேல் நீர் படியும், டிரான்ஸ்பார்மரின் காகித அடுக்குகளுக்கு அது ஆகாது. ஒரு இரவு மூடியபடியே அறையில் கிடக்கட்டும். அப்புறம் திறந்து, போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் கூண்டோடு லேசாகச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உள்ளே எதுவும் உருளக் கூடாது. டிரான்ஸ்பார்மர்களின் திருகுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நேராக இல்லாமல், தொடராக ஒரு குண்டு பல்பு மாட்டி, அதுவும் வால்வுகள் இல்லாமல். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்புக்கு ஒன்றும் ஆகாது.

பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. வால்வுப் பார்சல் பின்னால் தனியாக வந்தது, எண் பார்த்து அதே சாக்கெட்டில் மாட்டினார். அன்று இரவே பாட்டுக் கேட்டிருக்கிறார்.

களிமண் தூண்களை உண்மைப் பெட்டியிலும் விட்டிருந்தேன், ஆறு முகத்திலும். அளந்து சொல்லச் சொல்லியிருந்தேன். "அண்ணா, அடியில பின்பக்கம் வலது மூலைத் தூண் அஞ்சு செ.மீ.தான் இருக்கு. இடது பக்கச் சுவர்ல ஒண்ணு ஆறரை. மத்ததெல்லாம் நீங்க வெச்ச மாதிரியே இருக்கு" என்றார். எங்கேயோ பின்மூலை கீழே வருகிற மாதிரி இறக்கியிருக்கிறார்கள், கனமான பக்கம் கையிலிருந்து முதலில் நழுவுவது இயல்புதான். ஆனால் எங்கள் 60 செ.மீ. சோதனை அளவுக்கு எதுவும் போகவில்லை. மேல்முகத் தூண்கள் தொடப்படவே இல்லை, ஆகவே பெட்டி தலைகீழாக எங்கும் விழவில்லை.

இதே ரகத்தில் அடுத்த ஆம்ப் ஒன்று போகவிருக்கிறது. அதற்கு ஃபோம் அளவை மாற்றப்போவதில்லை. எடை கூடிய பக்கம் எது என்று வெளியே படமாக வரைந்து ஒட்டப்போகிறேன், தூக்குகிற இருவரில் பலசாலி அந்தப் பக்கம் நிற்கட்டும்.